வரைபடத்தில் இல்லாத நாடு – 6: இரண்டு நீளம், இரண்டு குட்டை

டிர்ர்ர்ர்ங். டிர்ர்ர்ர்ங். டிங். டிங்.

போன வாரம் இந்த மணிச் சத்தத்தோடு உங்களை விட்டுவிட்டுப் போனேன். நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு. வார்சா நகரில் சிகோர்ஸ்கா அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் இந்தக் கணக்குக்கு ஒரே பொருள்தான்: இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்கிறார்.

மணி அடித்த நேரத்தில் வகுப்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது? 1877-78 வாக்கில் நடந்த சம்பவம் இது. பத்து வயதிலிருந்து பதிமூன்று வயது வரை இருபத்தைந்து சிறுமிகள். கருநீலச் சீருடை, எஃகுப் பொத்தான்கள், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் காலர். முன்னால் ஆன்டோனினா டுபால்ஸ்கா டீச்சர். பிள்ளைகள் வைத்த செல்லப் பெயர் டுப்ச்சியா. ரஷ்ய அதிகாரிகளின் பார்வைக்காக எழுதிவைத்த பாட அட்டவணையில் அந்த மணி நேரம் 'தாவரவியல்'. ஆனால் டுப்ச்சியாவின் வகுப்பில் செடியும் இல்லை, கொடியும் இல்லை. போலந்தின் கடைசி மன்னர் ஸ்தனிஸ்வாவ் அகஸ்ட் பொனியத்தோவ்ஸ்கியைப் பற்றிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தடைசெய்யப்பட்ட போலிஷ் மொழியில். அதே அட்டவணையில் 'ஜெர்மன் பாடம்' என்று இருந்த இடத்தில் போலிஷ் இலக்கியம் நடக்கும்.

அந்த மன்னரைப் பற்றி இந்தத் தொடரின் முதல் பகுதிகளில் கொஞ்சம் கடுமையாகவே எழுதியிருந்தேன். 1764-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரினின் தயவில் அரியணை ஏறியவர், அவர் கண் முன்னாலேயே 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன என்றெல்லாம். ஆனால் ஒன்றை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். முதல் பங்கீடு முடிந்த அடுத்த ஆண்டே, 1773-ல், போலந்து ஒரு தேசியக் கல்வி ஆணையத்தை அமைத்தது. ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது அதைத்தான். கல்விக்கென்று ஓர் அமைச்சகத்தை உலகுக்குக் காட்டிய நாட்டின் பிள்ளைகள், நூறு வருடம் கழித்து, தங்கள் மன்னரின் பெயரைத் தாவரவியல் என்ற முகமூடிக்குள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, மணிக்கு வருவோம்.

யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. ஒத்திகை பார்த்துப் பழகிய கைகள். மேசை மேலிருந்த போலிஷ் புத்தகங்களும் நோட்டுகளும் ஏப்ரன் மடிக்குள் போயின. ஐந்து சிறுமிகள் அந்தச் சுமையை அள்ளிக்கொண்டு, விடுதிப் பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் நுழைந்து மறைந்தார்கள். நாற்காலி நகரும் சத்தம், மேசை மூடி சாத்தும் சத்தம். கதவு திறந்தபோது இருபத்தைந்து பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, சதுரமாக வெட்டிய துணியில் பொத்தான் துளைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கத்தரிக்கோல், நூல்கண்டு. டுப்ச்சியாவின் மேசையில் ஒரு புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ரஷ்யப் புத்தகம், கிரிலோவின் நீதிக்கதைகள்.

உள்ளே வந்தவர் ஹோர்ன்பெர்க், வார்சாவின் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கான இன்ஸ்பெக்டர். மஞ்சள் கால்சட்டை, நீலச் சட்டை, பளபளக்கும் பொத்தான்கள். பின்னால் சிகோர்ஸ்கா அம்மையார், முகத்தில் எதையும் காட்டாமல். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தையல் வகுப்பு என்று அவரே விளக்கம் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒரு மேசையின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

இந்த இடத்தில்தான் ஒரு சிறுமிக்கு வயிற்றைக் கலக்கியது. எப்போது இன்ஸ்பெக்டர் வந்தாலும் அவளைத்தான் எழுப்புவார்கள். வகுப்பிலேயே சின்னவள், மற்றவர்களைவிட இரண்டு வயது குறைவு. ஆனால் ரஷ்ய மொழி தண்ணீர் பட்ட பாடு. எந்தக் கேள்விக்கும் பதில் தடுமாறாது. பெயர் மரியா, வீட்டில் மான்யா. இன்றைக்காவது வேறு யாரையாவது கூப்பிடட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். டுப்ச்சியா அவள் பெயரைத்தான் சொன்னார்.

முதலில் பிரார்த்தனை. 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபத்தைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், ரஷ்ய மொழியில், மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தாள். அடுத்து, இரண்டாம் கேத்தரின் தொடங்கி ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னர்கள் யார் யார்? இரண்டாம் கேத்தரின், முதலாம் பால், முதலாம் அலெக்சாண்டர், முதலாம் நிகோலஸ், இரண்டாம் அலெக்சாண்டர். அப்புறம் அரச குடும்பத்தார் பெயர்களும் பட்டங்களும். ஜாரை எப்படி விளித்துப் பேச வேண்டும்? சரி, என்னை எப்படி விளிக்க வேண்டும்? (இந்தக் கேள்வியில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு தனிச் சுகம் இருந்ததாகத் தெரிகிறது. அதிகாரிகள் எல்லா ஊரிலும் அதிகாரிகள்தான்.)

எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கடைசியாக ஒன்று: நம்மை ஆள்வது யார்?

அறையில் ஊசி நின்றது. இருபத்து நான்கு பிள்ளைகள் துணியிலிருந்து தலை தூக்கவில்லை. மான்யா வெளுத்துப் போனாள். கேள்வி மறுபடியும் வந்தது, இந்த முறை கொஞ்சம் காரமாக. அகில ரஷ்யாக்களுக்கும் பேரரசரான மாட்சிமை தங்கிய இரண்டாம் அலெக்சாண்டர் என்று அவள் சொன்னாள்.

ஹோர்ன்பெர்க் திருப்தியாக எழுந்து அடுத்த வகுப்புக்குப் போனார். கதவு சாத்தியதும் டுப்ச்சியா மான்யாவை அருகே அழைத்து நெற்றியில் முத்தமிட்டார். அதுவரை கல்லாக நின்ற பெண் பொட்டென்று உடைந்து அழுதாள்.

யார் இந்த மான்யா என்று பலர் கண்டுபிடித்திருப்பீர்கள். மரியா ஸ்க்ளோடோவ்ஸ்கா. பிற்காலத்தில் மேரி கியூரி. இந்தக் காட்சியை நமக்கு விட்டுவைத்தவர் அவருடைய மகள் ஈவ் கியூரி, 1937-ல் வெளியான தாயின் வாழ்க்கை வரலாற்றில்.

போலந்துக்காரர்கள் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். பள்ளியை நடத்திய சிகோர்ஸ்காவும் பாடம் நடத்திய டுபால்ஸ்காவும் வேலையையும் உரிமத்தையும் பணயம் வைத்தார்கள். சைபீரியாவுக்கு நாடுகடத்தல் ஒன்றும் கற்பனைப் பூச்சாண்டி இல்லை. ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இருபத்தைந்து பேரைக் காப்பாற்ற ஒவ்வொரு முறையும் மேடையேற்றப்பட்டவள் பத்து வயதுப் பிள்ளை. அவள் வீட்டு நிலவரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா விளாடிஸ்வாவ் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். 1873-ல் ரஷ்யத் தலைமை ஆசிரியரின் கோபத்தால் பதவியும் அதோடு வந்த குடியிருப்பும் போய், வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். 1876-ல் மூத்த அக்கா சோபியா டைபஸ் காய்ச்சலில் இறந்தாள். அம்மா ப்ரொனிஸ்வாவா காசநோயால் இறந்தது 1878 மே மாதத்தில். இத்தனையும் தலைக்கு மேல் இருக்கிற குழந்தையிடம்தான் ஒரு தேசம் தன்னுடைய ரகசியத்தையும் கொடுத்து வைத்திருந்தது. இந்த நெருடலை மறக்காமல் வைத்திருங்கள். கட்டுரை முடிவதற்குள் திரும்ப வரும்.

ஒரு வல்லரசுக்குப் பள்ளிக்கூட வரலாற்று வகுப்பைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்?

1863 ஜனவரியில் வெடித்த கிளர்ச்சிதான் காரணம். ஒரு வருடத்துக்கு மேல் காடுகளில் மறைந்து போரிட்ட இளைஞர்களை ஒடுக்கிய பிறகு, வெறும் துப்பாக்கியால் இந்தக் கதை முடியாது என்று ரஷ்ய அதிகார வர்க்கம் முடிவுக்கு வந்தது. முதலில் பெயரை எடுத்தார்கள். ஆவணங்களில் 'போலந்து அரசு' மெல்ல மறைந்து 'விஸ்துலா நதிப் பகுதி' வந்தது. 1869-ல் வார்சாவின் உயர்கல்விக்கூடம் ரஷ்யப் பல்கலைக்கழகமானது. உயர்நிலைப் பள்ளிகளில் பாடமொழி ரஷ்யன். 1885-ல் தொடக்கப் பள்ளிக்கும் அதே ஆணை. அங்கே போலிஷ் பிள்ளைக்குப் போலிஷ் மொழியையே ஏதோ அயல்மொழி மாதிரி ரஷ்யன் வழியாகத்தான் கற்பித்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? வரலாறு பள்ளியிலிருந்து வீட்டுக்குக் குடிபோனது. இன்ஸ்பெக்டரால் சமையலறைக்குள் நுழைய முடியாது.

வீட்டில் என்ன இருந்தது? முதலாவதாக ஒரு பாட்டுப் புத்தகம். யூலியன் நியெம்சேவிச் என்ற எழுத்தாளர், அமெரிக்க விடுதலைப் போரிலும் பங்கேற்ற போலந்து வீரர் கொஷ்ச்யுஷ்கோவின் தோழர், 1816-ல் வெளியிட்ட 'வரலாற்றுப் பாடல்கள்'. போலந்தின் மன்னர்களும் தளபதிகளும் ஆளுக்கொரு பாட்டு. கூடவே இசைக்குறிப்பு, படம், ஒவ்வொரு ஆட்சியைப் பற்றியும் சின்ன விளக்கம். கவிதையாக அதை உச்சத்தில் வைக்க முடியாது என்பது என் கருத்து. ஆனால் பியானோவில் அம்மா உட்கார, சுற்றி நின்று பிள்ளைகள் பாட, ஆயிரம் வருட வரலாறு தலைமுறை தலைமுறையாக நெட்டுருவானது. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. எந்தப் பாடநூலுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

அப்புறம் கதைகள். லெக் என்ற ஆதித் தலைவன் கூட்டத்தோடு இடம் தேடி வந்தபோது, ஓக் மரத்து உச்சியில் ஒரு வெண்கழுகு கூடு கட்டியிருப்பதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டான் என்று ஒரு கதை. அந்த இடம்தான் க்னியெஸ்னோ. போலந்தின் பழைய தலைநகர். நாட்டின் சின்னத்திலும் முத்திரையிலும் இன்றுவரை நிற்பது அந்த வெண்கழுகுதான். இந்த ஊரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது கிராக்குவ் நகரத்து டிராகன். வாவெல் குன்றின் அடியில் குகை. உள்ளே ஆட்டையும் மாட்டையும் கேட்டு வாங்கித் தின்னும் பூதப்பிராணி. மன்னன் கிராக்கின் படைவீரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் திரும்பவில்லை. கடைசியில் ஸ்குபா என்ற செருப்புத் தைக்கும் இளைஞன் ஓர் ஆட்டுத்தோலுக்குள் கந்தகத்தை அடைத்து, தன் தொழில் ஊசியாலேயே தைத்து, குகை வாசலில் போட்டான். டிராகன் விழுங்கியது. வயிறு எரிந்தது. விஸ்துலா ஆற்றில் வாய் வைத்துக் குடித்தது, குடித்தது, வெடித்தே போனது. வாளெடுத்தவனால் முடியாததை ஊசி எடுத்தவன் முடித்தான். ஆளும் பேரரசைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் 1870-களில் வார்சாவில் இந்தக் கதையைக் கேட்ட குழந்தைக்கு டிராகன் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. கிராக்குவுக்குப் போனால் இன்றும் அந்தக் குகையைப் பார்க்கலாம். வாசலில் உலோக டிராகன் ஒன்று அவ்வப்போது நிஜ நெருப்பைக் கக்கிக் குழந்தைகளை அலறவைக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இன்னொரு பள்ளிக்கூடம். விகிலியா என்பார்கள். பகல் முழுக்க விரதம். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது வீட்டுக் குழந்தையின் வேலை. அது தெரிந்தால்தான் சாப்பாடு. மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல், இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக. புளிப்பில்லாத மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்துவார்கள். இறைச்சி கிடையாது, பீட்ரூட் சூப், மீன், கசகசா போட்ட பண்டங்கள். மேசையில் ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் காலியாக விட்டிருக்கும். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு. 1863-க்குப் பிறகு சைபீரியாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வீடுகளில் அந்த நாற்காலி யாருக்கு என்று குழந்தை கேட்டிருக்காதா? கேட்டால் பெரியவர்கள் சொல்லித்தானே ஆக வேண்டும்?

மூன்று எஜமானர்களில் ஆஸ்திரியா மட்டும் 1860-களின் பிற்பகுதியில் பிடியைத் தளர்த்தியது. கிராக்குவிலும் லிவூவிலும் பள்ளியும் பல்கலைக்கழகமும் போலிஷ் மொழியிலேயே நடந்தன. யான் மதெய்கோ என்ற ஓவியர் 1890 முதல் 1892 வரை மன்னர்களையும் இளவரசர்களையும் நாற்பத்து நான்கு பென்சில் சித்திரங்களாக வரைந்தார். போலந்துப் பிள்ளைகள் மனதில் மன்னர்களுக்கு இன்றுவரை இருப்பது மதெய்கோ கொடுத்த முகம்தான். விளாடிஸ்வாவ் பெல்சா என்பவர் 1900-ல் லிவூவில் 'போலந்துக் குழந்தையின் வினாவிடை' என்று ஒன்றை வெளியிட்டார். நீ யார், உன் அடையாளம் என்ன, எங்கே வாழ்கிறாய் என்று கேள்வியும் பதிலுமாகப் போகும் சின்னக் கவிதை. ஹோர்ன்பெர்க் கேட்ட கேள்விகளுக்குப் போலந்து கொடுத்த எதிர்வினா என்றே அதை நான் படிக்கிறேன்.

மான்யாவை மறந்துவிடவில்லை. அவள் பிறகு ரஷ்ய அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அந்தச் சான்றிதழுக்குத்தான் மதிப்பு. பள்ளிக்குப் போகும் வழியில் சாக்சன் சதுக்கம். அங்கே ஒரு நினைவுத்தூண்: தங்கள் பேரரசருக்கு விசுவாசமாக இருந்த போலந்துக்காரர்களுக்கு என்று ஜார் எழுப்பியது. நம் மொழியில் சொன்னால் துரோகிகளுக்குச் சிலை. மான்யாவும் தோழி காசியாவும் அதைக் கடக்கும்போதெல்லாம் துப்பிவிட்டுத்தான் போவார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்து போனால் திரும்பி வந்து துப்பிவிட்டு ஓடுவார்கள், பள்ளிக்கு நேரமானாலும் சரி. 1881-ல் இரண்டாம் அலெக்சாண்டர் வெடிகுண்டில் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது இருவரும் வகுப்பறையில் மேசைகளுக்கு நடுவே ஆட்டம் போட்டுப் பிடிபட்டார்கள். 'நம்மை ஆள்வது யார்' என்ற கேள்விக்கு அவள் உச்சரித்த அதே அலெக்சாண்டர். 1883 ஜூனில் தங்கப்பதக்கத்தோடு வெளியே வந்தாள். பேரரசு தன் கையாலேயே மாட்டிய பதக்கம்.

பெண்களுக்கு வார்சா பல்கலைக்கழகத்தில் இடமில்லை. என்ன செய்வது? அப்போது நகரத்தில் கட்டடமோ பெயர்ப்பலகையோ இல்லாத ஒரு பல்கலைக்கழகம் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஒருவர் வீட்டு முன்னறை, நாளை இன்னொருவர் வீடு. மோப்பம் பிடிக்கும் போலீஸுக்கு முன் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அதற்குப் 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று பெயர். 1880-களின் தொடக்கத்தில் சிறு குழுக்களாக இருந்ததை ஒழுங்காகப் பாடத்திட்டம் போட்டு நிறுவனமாக்கியவர் யாட்விகா ஷ்ச்சவின்ஸ்கா என்ற பெண். 1905 வரை நடந்தது. மான்யாவும் அக்கா ப்ரொனியாவும் அதில் படித்தார்கள். சேர்க்கைக் கட்டணத்தைவிட முக்கியமான ஒரு நிபந்தனை அங்கே எழுதாமலே இருந்தது: கற்றதைக் கீழே இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடு.

1886 ஜனவரி. பதினெட்டு வயது மான்யா ரயிலேறி, அப்புறம் பனிச்சறுக்கு வண்டியில் நான்கு மணி நேரம் போய், ஷ்ச்சூக்கி என்ற கிராமத்தில் ஷொராவ்ஸ்கி குடும்பத்தின் வீட்டில் ஆசிரியையாக இறங்கினாள். சுற்றிலும் சர்க்கரை ஆலைக்கான பீட்ரூட் வயல்கள். பாரிஸில் மருத்துவம் படிக்கப் போன ப்ரொனியாவுக்குப் பணம் அனுப்பத்தான் இந்த வேலை. ஆனால் சேற்றுத் தெருவில் நின்ற பண்ணையாட்களின் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை என்பதைக் கண்டதும் அவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டுப் பெரிய மகள் ப்ரொன்காவும் அவள் வயதுதான். விஷயம் வெளியே தெரிந்தால் சைபீரியா என்று சொல்லியே கூட்டுச் சேர்த்தாள். வீட்டு எஜமானரும் தலையாட்டினார்.

மான்யாவின் அறைக்கு வெளிப்புறமாக ஒரு படிக்கட்டு உண்டு. அதில் ஏறி வந்தார்கள், முதலில் பத்துப் பேர், பிறகு பதினெட்டு. சாதாரணப் பலகை மேசை, நாற்காலிகள். பேனாவும் நோட்டும் அவள் சம்பளத்திலிருந்து. குளிக்காத உடம்பின் நெடி, ஒழுகும் மூக்கு, பேனாவைப் பிடிக்கத் தெரியாத விரல்கள். எல்லாம் ஈவ் கியூரியின் பக்கங்களில் இருக்கின்றன. புனிதப்படுத்தவில்லை என்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. சில நாள் பிள்ளைகளின் அம்மா அப்பாக்களும் வந்து அறையின் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கு எழுத்து தெரியாது. தன் பிள்ளை ஒரு வார்த்தையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் போதும், அவர்கள் முகம் மாறிவிடும்.

1898 ஜூலையில் பாரிஸில் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மேரியும் அவர் கணவர் பியேரும் அறிவித்தபோது அதற்கு வைத்த பெயர் பொலோனியம். அந்த நாளில் உலகின் எந்த அரசியல் வரைபடத்திலும் போலந்து இல்லை. தனிம அட்டவணையில் இடம்பிடித்துவிட்டது. ஹோர்ன்பெர்க்குகள் ரப்பர் வைத்து அழிக்க முடியாத அட்டவணை அது.

இதோடு ரஷ்யப் பகுதியை நிறுத்தி, மேற்கே பிரஷ்யாவுக்குப் போவோம். அங்கேதான் இந்த வாரத்தின் மோசமான செய்தி காத்திருக்கிறது.

க்னியெஸ்னோ ஞாபகம் இருக்கிறதா? வெண்கழுகின் கூடு. அதற்கு இருபது சொச்சம் கிலோமீட்டர் தெற்கே வ்ஷெஷ்னியா என்று ஒரு சின்ன ஊர். 1793 பங்கீட்டில் பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1871-ல் ஜெர்மனி ஒரே பேரரசானதும் பிஸ்மார்க் போலிஷ் மொழியை ஒவ்வொரு கதவாக வெளியேற்றினார். 1887-ல் இந்த மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளில் அது பாடமாகவும் இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மத போதனை வகுப்பு. குழந்தை கடவுளிடம் பேசும் மொழி மட்டும் அம்மாவின் மொழியாக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

1901 வசந்தத்தில் அதையும் எடுத்தார்கள். வ்ஷெஷ்னியாவின் கத்தோலிக்கப் பள்ளியில் மேல் வகுப்புகளுக்கு ஜெர்மன் மொழி வேதபாடப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. ரஷ்யப் பகுதியில் ஆசிரியர் பிள்ளையின் பக்கம் இருந்தார், எதிரி எப்போதாவது வரும் இன்ஸ்பெக்டர். இங்கே எதிரி தினமும் வகுப்புக்கு வந்தார். மணி அடித்து எச்சரிக்க யாருமில்லை. மறைக்கவும் எதுவுமில்லை, கேட்டது பிரார்த்தனை, அதை அவர்கள் நெஞ்சுக்குள் வைத்திருந்தார்கள்.

பிள்ளைகள் புத்தகத்தை வாங்க மறுத்தார்கள். வாங்கியவர்கள் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் மொழியில் கேட்ட மதக் கேள்விகளுக்கு வாயே திறக்கவில்லை. ப்ரொனிஸ்வாவா ஷ்மிடோவிச் என்ற சிறுமியைப் பற்றி ஊரில் இன்றும் சொல்வார்கள்: புத்தகத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது, தன் ஏப்ரன் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, துணியால் அதைப் பிடித்தாளாம், விரல் படாமல். அன்று வார்சாவில் புத்தகங்களை ஒளித்த ஏப்ரன் இங்கே வேறு வேலைக்குப் பயன்பட்டது.

முதலில் பள்ளி முடிந்த பிறகு நிறுத்திவைத்தார்கள். பலிக்கவில்லை. பிறகு பிரம்பு.

1901 மே 20, திங்கட்கிழமை. பாட நேரம் முடிந்து மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். பதினான்கு பேர் மட்டும் உள்ளே. ஷோல்ட்ஷென் என்ற ஆசிரியர் பிரம்பை எடுத்தார். பையன்களுக்கும் அடி, பெண்களுக்கும் அடி. உள்ளங்கையிலும் முதுகுக்குக் கீழேயும். அலறல் ஜன்னல் தாண்டித் தெருவில் கேட்டது.

நான் முன்னால் சொன்ன நெருடல் இங்கே வருகிறது. பெரியவர்களின் சண்டையைக் குழந்தைகள் தோளில் ஏற்றலாமா? வீட்டில் அம்மாவும் அப்பாவும், தேவாலயத்தில் பாதிரியாரும் போலிஷ் மொழியை விடாதே என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள் என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. பாதி உண்மைதான். ஆனால் பிரம்பைக் குழந்தையின் கைக்கு முதலில் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு அந்தப் பத்திரிகைகளில் பதில் இல்லை. என் தீர்ப்பு இது: மான்யாவை எழுப்பிவிட்ட டுப்ச்சியாவிடம் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு; வ்ஷெஷ்னியாவின் பெற்றோரிடம் இல்லை. அவர்கள் கேட்டது நாடு அல்ல, கொடி அல்ல. பிள்ளை சாமி கும்பிடும்போது என்ன சொல்கிறது என்பது தங்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான்.

பள்ளிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் தாய்மார்கள், பிறகு கடைக்காரர்கள், தொழிலாளிகள். வீங்கிய கைகளோடு பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வரவர, கூட்டத்தின் சத்தம் ஏறியது. நெபோமுசேனா பியாசெட்ஸ்கா என்ற தாயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர். அந்த வருடம் முடிவதற்குள் ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்துவிடும். ஹென்ரிக் ஷியெங்கியெவிச் என்ற நாவலாசிரியர் இந்த விவகாரத்துக்காகப் பேனா எடுப்பார். நான்கு ஆண்டு கழித்து நோபல் பரிசு வாங்கப்போகிறவர்.

நவம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிமன்றம் இருந்த ஊர் எது தெரியுமா? க்னியெஸ்னோ. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இருபத்தைந்து பேர். அடித்த ஆசிரியர் அவர்களில் இல்லை.

அந்தத் தாய்க்கு நீதிபதி கொடுத்த தண்டனை என்ன, அதைக் கேட்டு எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பிரம்புக்குக் கை நீட்டத் துணிந்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)